மூன்றாம் பத்து

செவ்வாய்க்கிழமை என்றால் துயர மறைபொருள்.
புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் உட்கார இடம் கிடைத்ததும்
பைக்குள் கையை விட்டு மணியைத் தேடுவேன்.
வெளியே எடுப்பதில்லை.
பார்த்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள்
நகர்ந்து உட்காருகிறார்கள்,
இல்லாவிட்டால் மருமகளைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

முதலியார்பேட்டையில் இரத்த வியர்வை.
அரியாங்குப்பம் பாலத்தில்
கல்தூணில் கட்டி அடிக்கிறார்கள்.
தவளக்குப்பம் சிக்னலில் முள்முடி.
அதற்குமேல் எனக்குத் தெரியாது.
தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிடும்.
அவர் சிலுவை தூக்குவதை
ஒரு மாதமாக நான் பார்க்கவேயில்லை.

காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டரில் உட்கார்ந்தேன் ஆண்டவரே.
இன்று முப்பத்தெட்டுப் பேருக்குத் தொகை சொன்னேன்.
மெதுவாகச் சொன்னால் தொகை குறையாது,
இருந்தாலும் மெதுவாகத்தான் சொல்கிறேன்.
பண்ருட்டிக்காரர் ஒருவர்
மனைவியின் வளையலைக் கைக்குட்டையில் முடிந்து வந்து
"இத எங்கம்மா குடுக்கணும்" என்றார்.
அடகுக்கடை எதிர்ப்பக்கம் என்று கை காட்டினேன்.
அந்தக் கை
இன்னும் அந்தத் திசையிலேயே இருக்கிறது.

வீட்டில்
தடைக்காலத்தின் நாற்பத்திரண்டாம் நாள்.
ஐஸ் லாரியின் சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டு
"மீனுக்காவது லீவு விட்டாங்களே" என்று
ததேயுஸ் சிரிக்கிறார்.
அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்கு மாத்திரை தேவைப்படுகிறது.
ரீஜினாவுக்குப் பதினொன்றாம் வகுப்புக் கட்டணம்.
நாளை புதன், குழுக்கடன் நாள்.
அன்றாட உணவுக்கு உம்மிடம் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்.
தவணைக்கு என்ன சொல்லிக் கேட்பது என்று
அந்தச் செபத்தில் வரவில்லை.

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பஸ் நின்றது.
பாட்டில் தேடி ஏறினார்கள்.
ஒரு பெண் போலீஸ்,
என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும்,
"பையைத் திறங்க" என்றாள்.
கழுவாத டிபன் பாக்ஸை முதலில் எடுத்தாள்,
உருளப் பார்த்ததைப் பக்கத்து சீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள்.
பிரஷர் மாத்திரை அட்டை.
குழுவின் பாஸ்புக், பள்ளிக்கூட நோட்டீஸ்.
இயர்போன் வயரில் சிக்கிக் கிடந்த செபமாலை.
பிரித்துப் பார்த்தாள், முடியவில்லை.
அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு
"இவ்ளோதானாக்கா?"

எனக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது.
ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு சுமந்தது முழுக்க
என் மடியில் கிடந்தது,
மடியில் இன்னும் இடம் இருந்தது.
"இவ்ளோதாம்மா."

குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.
நாளை புதன்தான்.
ஆனால் அந்தப் பெண்
எல்லாவற்றையும் அவசர அவசரமாக உள்ளே போட்டவள்
மாலையை மட்டும் கடைசியில்
மேலாக வைத்துவிட்டு இறங்கினாள்.

எந்த மணியில் விட்டேன் என்று தெரியவில்லை.
நான்காம் பத்து என்று வைத்துக்கொண்டேன்.
மஞ்சக்குப்பம் தாண்டும்போது
முதன்முதலாக அவர் தூக்கிக்கொண்டு நடந்தார்.
வயலிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவனைப் பிடித்து
நீயும் தூக்கு என்றார்களாமே,
சீமோன்.
அவனுக்கும் அன்று வேறு வேலை இருந்திருக்கும்.
கையில் ஏதாவது வைத்திருந்திருப்பான்,
மண்வெட்டியோ, பிள்ளைக்கு வாங்கிய பண்டமோ.
அதை யாரிடம் கொடுத்துவிட்டுத்
தோளைக் கொடுத்தான்?
இத்தனை வருடத்தில்
ஒரு பிரசங்கத்திலும் அதைச் சொன்னதில்லை.

டிபன் பாக்ஸ்
பக்கத்து சீட்டுக்காரியின் கையிலேயே இருந்தது.
திருப்பாதிரிப்புலியூர் வரும்வரை
அவள் திருப்பித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.